பெட்டி கட்டும் முன்னே

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், தியாகராய நகரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "நீங்க மத்திய அமெரிக்காவிலே சில வருஷம் வேலை பார்த்தவர். அந்தப் பக்கம் போற பசங்களுக்கு உபயோகமா ஒரு இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். அமெரிக்காவுக்கோ சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போவதென்றால் யோசனை கேட்க இந்தப் பேட்டையில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். பனாமா, கோஸ்டா ரிகா, குவாத்தமாலா என்றால் பக்கத்து வீட்டு மாமாவே "அது ஆப்பிரிக்காவிலா இருக்கு?" என்று கேட்பார். மெக்சிகோவுக்குத் தெற்கே, கொலம்பியாவுக்கு வடக்கே, ஒல்லியாக வளைந்து கிடக்கும் ஏழு நாடுகள் அவை. பெலீஸில் ஆங்கிலம். மற்ற ஆறிலும் ஸ்பானிஷ்.

முதலில் ஸ்பானிஷைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். தமிழ் வாய்க்கு அது கஷ்டமே இல்லை. எழுதியபடி படிக்கலாம். அ, எ, இ, ஒ, உ என்று ஐந்தே உயிர். நம்முடைய 'ஞ' அப்படியே இருக்கிறது. இரண்டு ஆர் சேர்ந்து வந்தால் நன்றாக உருட்ட வேண்டும், 'ற்' என்று அழுத்திச் சொல்லிப் பழகியவனுக்கு அது வந்துவிடும். ஆனால் ஒன்று. இதே தி.நகரில், ஹிந்தி பிரசார சபாவுக்குப் பக்கத்திலேயே குடியிருந்து, பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா என்று வரிசையாகப் பாஸ் செய்துவிட்டு, டில்லி ரயிலில் ஒரு டீ வாங்க ஹிந்தியில் வாய் திறக்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த முறையில் ஸ்பானிஷ் கற்காதீர்கள். காய்கறிக் கடையில் தப்பும் தவறுமாகப் பேசுங்கள். அந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் உதவி செய்வார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். "கார்னே வேண்டாம்" என்றால் அங்கே பலருக்கு மாட்டிறைச்சி வேண்டாம் என்றுதான் அர்த்தம். கோழியோ மீனோ வந்து நிற்கும். கோழி, மீன், பன்றி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். பீன்ஸ் விழுதைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி பட்டினி கிடக்க மாட்டீர்கள். கோஸ்டா ரிகாவிலும் நிகராகுவாவிலும் காலை ஆகாரமே சோறும் பீன்ஸும் சேர்த்துப் பிரட்டியதுதான். மரவள்ளிக்கிழங்கு, வாழைக்காய் வறுவல், தேங்காய், மாம்பழம், புளி எல்லாம் உண்டு.

ரங்கநாதன் தெருவிலே மிக்ஸி வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மின்சாரம் அமெரிக்க முறைப்படி 110 முதல் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் 230 வோல்ட் மிக்ஸி அங்கே முனகும், அரைக்காது. 110 வோல்ட் மிக்ஸி, கிரைண்டர் என்றே கேளுங்கள், இங்கேயே கிடைக்கும். குக்கருக்கு இரண்டு காஸ்கெட்டும் ஒரு வெயிட்டும் கூடுதலாகப் பெட்டியில் போடுங்கள். கருவேப்பிலைக் கொத்து, விதை, செடி எதையும் கொண்டு போகாதீர்கள், விமான நிலையத்திலேயே பிடுங்கி விடுவார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, பனாமாவில் பல்போவா என்று பெயருக்கு ஒரு நாணயம் உண்டு. நோட்டு எல்லாம் 1904-லிருந்து அமெரிக்க டாலர்தான். எல் சால்வடாரும் 2001-ல் டாலருக்கு மாறிவிட்டது. கோஸ்டா ரிகாவில் கோலோன், குவாத்தமாலாவில் கெட்சால். கோஸ்டா ரிகா 1948-லேயே ராணுவத்தைக் கலைத்த நாடு. அங்கே விலாசம் சொல்லும் அழகைக் கேட்க வேண்டும். கதவு எண் கிடையாது. "சர்ச்சிலிருந்து 200 மீட்டர் தெற்கே, 50 மீட்டர் கிழக்கே" என்பார்கள். வெட்டிப் பல காலமான மரத்தை அடையாளம் சொல்வதும் உண்டு. ஸ்டுடியோ போய் எத்தனையோ வருஷமாகியும் "ஜெமினியிலே இறங்கணும்" என்கிற நமக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

ஆக, அந்த ஊர் நம்மை ஒன்றும் செய்யாது. அந்த ஊரே நமக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். நான் பார்த்தவரையில், போனவர்கள் திண்டாடியது அங்கே இருந்த எதனாலும் இல்லை. இங்கே சரி செய்யாமல் விட்டுவிட்டுப் போனதனால்தான். அதனால் மீதி நேரத்தை இந்தப் பக்கத்துக்கே வைத்துக்கொள்கிறேன்.

முதல் சங்கடம் பெயர். நமக்கு இனிஷியல். சர்டிபிகேட்டில் "எஸ். ராமன்". பாஸ்போர்ட்டில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுதச் சொல்வார்கள். "ராமன் ஸ்ரீனிவாசன்" ஆகிவிடுகிறது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் சிலர் அப்பா பெயரைப் போடுகிறார்கள், சிலர் காலியாக விடுகிறார்கள், சிலர் தன் பெயரையே அங்கே போட்டு அப்பா பெயரை முதலில் வைத்துவிடுகிறார்கள். பிறகு ஆபீசில் எல்லோரும் அவனை "மிஸ்டர் ஸ்ரீனிவாசன்" என்று கூப்பிடுவார்கள். பையன், அப்பா தனக்குப் பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பான்.

சிரிக்கலாம். ஆனால் பட்டச் சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், கல்யாணப் பதிவில் மூன்றாவது பெயர் என்றால், வேலை அனுமதி கொடுக்கும் அதிகாரிக்கு நீங்கள் மூன்று ஆட்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டுக்குச் சில நாடுகளில் விசாவே சிக்கல். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தபோது நம் ஊர்க்காரர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். ஸ்பானிஷ் நாடுகளில் இன்னும் ஒரு படி மேலே: இரண்டு குடும்பப் பெயர் கேட்பார்கள், முதலில் அப்பா வழி, அடுத்து அம்மா வழி. கல்யாணமானாலும் பெண்கள் தங்கள் பெயரை மாற்றுவதில்லை. நம் தம்பதிக்கு அங்கே குழந்தை பிறந்தால், நம் கணக்குப்படி அதற்கு இரண்டு தாத்தாக்களின் பெயரும் வந்து சேரும். வீட்டில் சண்டைக்கு இடமில்லை. (அங்கே பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். பனாமா நகரத்திலும் குவாத்தமாலா நகரத்திலும் தூதரகம் உண்டு. தள்ளிப் போடாதீர்கள்.)

ஒரு குமாஸ்தாவின் பேனா எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, அந்தக் கடலிலேயே சாட்சி இருக்கிறது. 1853-லிருந்து பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகப் பிரெஞ்சுக்காரர்கள் நம் ஜனங்களைக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றினார்கள். மார்டினிக், குவாதலூப் தீவுகளுக்கு. முத்துசாமி என்றும் ராமசாமி என்றும் இறங்கியவர்களின் பெயரைக் கேட்டபடி எழுதி வைத்தார்கள். இன்றைக்கும் அங்கே மூத்துசாமியும் ராமசாமியும் குடும்பப் பெயர்கள். பேசத் தமிழ் தெரியாது, பெயர் மட்டும் நிற்கிறது. அவர்களுக்கு எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. நமக்குப் படிப்பு இருக்கிறது. எனவே மாணவர்களே, இன்னும் பாஸ்போர்ட் எடுக்காதவர்கள் எடுக்கும்போதே, உங்கள் பெயர் இன்னது, அப்பா பெயர் இன்ன கட்டத்தில் என்று வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை முடிவு செய்யுங்கள். அதையே எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து வையுங்கள். ஏற்கெனவே கலைந்துபோனவர்கள், "இரண்டு பெயரும் ஒரே ஆள்" என்று பிரமாணப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளலாம். அது போதாது என்று சொல்லும் இடம் இருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். விசா வந்த பிறகு ஓடாதீர்கள்.

அடுத்து, நம் அம்மாக்கள் அன்பினால் செய்யும் ஒரு காரியம் உண்டு. பையன் பட்டம் வாங்கி வந்த அன்றே சான்றிதழைக் கொண்டுபோய் லேமினேட் செய்துவிடுவார்கள். வெளிநாட்டுக்குப் போகும் சான்றிதழில் பின்பக்கம் முத்திரை குத்த வேண்டும். பிளாஸ்டிக் மேல் எங்கே குத்துவது? பிரித்தால் காகிதம் கிழிகிறது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் படி கேட்டு மனுப் போட்டு மாதக்கணக்கில் அலைந்தவர்கள் இந்தக் கூடத்திலேயே சிலர் இருக்கிறார்கள். அவர்கள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், ஒட்டாதீர்கள்.

அந்த முத்திரைக்கு அபோஸ்டில் என்று பெயர். இந்தியா அந்த ஒப்பந்தத்தில் 2005-ல் சேர்ந்தது. மத்திய அமெரிக்காவின் ஏழு நாடுகளும் அதில் இருக்கின்றன. ஆகவே டில்லியில் அந்தந்தத் தூதரக வாசலில் காத்திருக்க வேண்டாம். முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில். 2019-லிருந்து சென்னையிலேயே முடிகிறது. பட்டம், பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று மூன்றுக்கும் செய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட் ஆபீசில் வாங்கும் போலீஸ் சான்றும் வேண்டும். அதை மட்டும் ரொம்ப முன்னாலேயே வாங்கினால் அங்கே சேரும்போது பழசாகிவிடும். ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பை அந்த நாடு ஏற்கும் மொழிபெயர்ப்பாளரிடம்தான் செய்ய வேண்டும், நம் ஊரில் யாரோ செய்து கொடுப்பது செல்லாமல் போகலாம்.

பனாமாவுக்குப் போகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும். 2016-லிருந்து அது ஆயுள் முழுக்கச் செல்லும் அட்டை. அட்டை இல்லாமல் அந்தப் பட்டியல் நாட்டிலிருந்து திரும்பினால், நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனியே வைத்துவிட அதிகாரம் உண்டு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஓடி வருகிறவன் மீனம்பாக்கத்தில் அடைபட்டுக் கிடப்பதை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று: அமெரிக்கா வழியாக விமானம் மாறிப் போனால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் இந்தியருக்கு அமெரிக்க இடைவழி விசா வேண்டும். மலிவாக டிக்கெட் கிடைக்கிறது என்று முதலில் வாங்கிவிடாதீர்கள்.

இப்போது சொல்வதை மாணவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 2023 டிசம்பரில், துபாய்ப் பக்கத்திலிருந்து நிகராகுவாவுக்குப் புறப்பட்ட ஒரு தனி விமானம், எண்ணெய் போட பிரான்ஸில் வாத்ரி என்ற சின்ன விமான நிலையத்தில் இறங்கியது. உள்ளே 303 பயணிகள், பெரும்பாலும் இந்தியர்கள். ஆள் கடத்தல் சந்தேகத்தின் பேரில் நாலு நாள் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். கடைசியில் 276 பேர் மும்பைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நிகராகுவாவில் வேலை செய்ய இவர்கள் போகவில்லை. அங்கிருந்து தரை வழியாக வடக்கே நடத்திக் கூட்டிப்போய் அமெரிக்க எல்லையைத் தாண்ட வைப்பது ஏஜெண்டுகளின் திட்டம். தெற்கே இறங்குகிறவர்களைக் கொலம்பியா, பனாமா இடையே இருக்கும் டாரியன் காட்டு வழியாகவே நடக்க விடுகிறார்கள். ரோடு கிடையாது. ஆறும் சேறும் கொள்ளைக்காரர்களும். 2025 பிப்ரவரியில் அமெரிக்கா பல நாட்டவரைப் பனாமாவுக்கும் கோஸ்டா ரிகாவுக்கும் விமானத்தில் கொண்டுவந்து இறக்கியபோது அவர்களிலும் இந்தியர்கள் இருந்தார்கள்.

இது பஞ்சாப், குஜராத் சமாசாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டர் வேலை என்று கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் போய், மோசடிக் கும்பலிடம் மாட்டிக்கொண்டு, அரசு தலையிட்டு மீட்டு வந்த பிள்ளைகளில் தமிழ்நாட்டுப் பட்டதாரிகளும் உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டு 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு வரியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். "டூரிஸ்டா போயிடு தம்பி, அங்கே மாத்திக்கலாம்" என்று யார் சொன்னாலும், சொந்த சித்தப்பாவே சொன்னாலும், போகாதீர்கள். தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978-லிருந்து இருக்கிறது. அங்கே ஒரு நடை போய்க் கேட்பதற்குக் காசு இல்லை.

மூத்தவர்களுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இருப்பவர்களுக்கும் இனி சொல்கிறேன். வேலைக்கென்று வெளிநாடு போன உடனே, அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கணக்கில் நீங்கள் இங்கே வசிக்காதவர். பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. என்.ஆர்.ஓ. ஆக மாற்ற வேண்டும். அங்கே சம்பாதித்து அனுப்புவதற்குத் தனியே என்.ஆர்.இ. கணக்கு. பி.பி.எஃப். ஏற்கெனவே இருந்தால் முதிரும் வரை தொடரலாம், புதிதாகத் தொடங்க முடியாது. செங்கல்பட்டுப் பக்கம் விவசாய நிலம் வாங்கிப்போடும் ஆசை இருந்தால் போகும் முன்னே வாங்கிவிடுங்கள், போன பிறகு வாங்க அனுமதி இல்லை. வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம்.

இதைவிடச் சின்னதாகத் தோன்றும், ஆனால் இதைவிடப் பெரியது, செல்போன் நம்பர். வங்கி, ஆதார், வருமான வரி எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு நம்பர் வேறொருவர் கைக்குப் போய்விட்டால், பனாமாவில் உட்கார்ந்துகொண்டு உங்கள் சொந்தப் பணத்தை உங்களால் தொட முடியாது.

வீடு, மனை விஷயத்துக்கு இங்கே ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுப்பீர்கள். புறப்படும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் போய்ப் பதிவு செய்து கொடுப்பது சுலபம். அங்கே போய் எழுதினால் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பி, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இன்ன காரியத்துக்கு மட்டும் என்று எழுதுங்கள். வாடகை வசூலிக்க என்று ஆரம்பித்து விற்கும் அதிகாரம் வரைக்கும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, லீவில் வந்து பார்த்தால் மனையில் யாரோ கிரகப்பிரவேசம் செய்திருந்த கதை, எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்திலேயே நடந்தது.

எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது. இதைப் பலர் யோசிப்பதில்லை. அப்பா உங்களுக்குப் பவர் கொடுத்திருக்கிறார், அதனால் கவலையில்லை என்று நினைக்கிறோம். நம் சட்டத்தில், கொடுத்தவர் இறந்தாலும் சரி, சித்தம் தெளிவில்லாமல் போனாலும் சரி, அந்தப் பவர் அன்றோடு முடிந்தது. மேற்கு மாம்பலத்தில் என் நண்பன் ஒருவனுடைய தகப்பனாருக்குப் பக்கவாதம் வந்தது. நினைவு தப்பிவிட்டது. டெபாசிட் அத்தனையும் அவர் ஒருவர் பெயரில். ஆஸ்பத்திரியில் தினம் பணம் கட்டச் சொல்கிறார்கள். வங்கியில், "அவர் கையெழுத்து வேணும் சார்" என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் விதிதான். அம்மாவுக்கு ஐம்பது வருஷக் குடித்தனத்தில் வங்கி வாசல் தெரியாது. பையன் கோஸ்டா ரிகாவிலிருந்து கடன் வாங்கி அனுப்பினான். அந்தப் பெரியவருடைய சொந்தப் பணம் இரண்டு தெரு தள்ளி இருந்தது, அவருடைய வைத்தியத்துக்கு உதவவில்லை. நீதிமன்றம் போய்க் காப்பாளராக நியமனம் வாங்குவதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

அம்மா பெயரையும் சேர்த்து "இருவரில் எவரேனும் அல்லது உயிரோடிருப்பவர்" என்று கணக்கை மாற்றியிருந்தால், ஒரு அரை நாள் வேலை. வெளிநாட்டில் இருக்கும் மகனையோ மகளையோ கூடச் சேர்க்க வழி உண்டு, வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். நாமினி போடுங்கள். 2025 நவம்பர் முதல் நாலு பேர் வரை போடலாம். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கொடுக்கிறவர்தான், சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். அதனால் உயிலும் வேண்டும். "உயில்" என்ற வார்த்தையை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறோம். "எங்களுக்கு அங்கே கேட்கிறாங்கப்பா, நானும் எழுதறேன், நீங்களும் எழுதிடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். நானும் என் வீட்டில் அப்படித்தான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே பேனா கேட்டார். அவருக்கு ரொம்ப நாளாகவே மனசில் இருந்திருக்கிறது, நான் கேட்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

போன் பேசும் நேரத்தையும் போகும் முன்பே பேசி வையுங்கள். பனாமா நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். இங்கே காலை ஆறு மணிக்கு அம்மா காபி போடும்போது அங்கே முந்தின நாள் இரவு ஏழரை. இரண்டு பேருக்கும் ஒத்துவரும் நேரம் அதுதான். கோஸ்டா ரிகா, குவாத்தமாலா என்றால் இன்னும் ஒரு மணி தள்ளி. எதிர் வீட்டில் ஒருவரிடம் சாவியும் உங்கள் நம்பரும் கொடுத்து வையுங்கள். அந்த நம்பரைக் குறிப்பு நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள், போனுக்குள் மட்டும் வேண்டாம்.

மேடைக்குப் பின்னாலிருந்து சாம்பார் வாசனை வந்துவிட்டது, செயலாளரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறது என்று சந்தேகமுள்ளவர்கள் பந்தியில் என் பக்கத்தில் உட்காருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.